பிறர் மனையில் நின்ற வண்டி

பூட்டு என்னும் சொல்லுக்குத் தமிழில் இரண்டு குணங்கள் உண்டு. ஏரில் மாட்டைப் பூட்டினால் உழவு தொடங்கும். தேரில் குதிரையைப் பூட்டினால் தேர் நகரும். வில்லில் நாணைப் பூட்டினால் அம்பு புறப்படும். கதவைப் பூட்டினாலோ எல்லாம் நின்றுவிடும். ஒரே வினைச்சொல் ஓரிடத்தில் இயக்கத்தின் தொடக்கமாகவும் வேறோரிடத்தில் அதன் முடிவாகவும் இருப்பதை வகுப்பறையில் சொல்லும்போது மாணவர்கள் சற்றே நிமிர்ந்து உட்காருவார்கள். செய்யுளின் முதற்சொல்லும் இறுதிச்சொல்லும் பொருளால் இணைவதை இலக்கணிகள் விற்பூட்டுப் பொருள்கோள் என்று பெயரிட்டார்கள் என்று சொன்னதும் அதே மாணவர்கள் பழையபடி சாய்ந்துகொள்வார்கள். அது வேறு கதை.

இருபதாம் நூற்றாண்டு இச்சொல்லுக்கு மூன்றாவதாக ஒரு பொருளைக் கொண்டுவந்தது. அதுதான் சக்கரப் பூட்டு. அதைச் செய்தவர் இரும்புப் பட்டறைக்காரரோ காவல் அதிகாரியோ மட்டுமல்லர். அமெரிக்காவின் டென்வர் நகரச் சிம்பொனிக் குழுவில் வயலின் வாசித்துவந்த ஃபிராங்க் மாரக் என்பவர் அவர். வார்ப்படத் தொழிலுக்கு அச்சு செய்வதும் அவருக்குக் கைவந்த வேலை. 1955 ஜனவரியில் டென்வர் காவல்துறை அவருடைய பூட்டைப் பயன்படுத்தத் தொடங்கியது. 1958ல் காப்புரிமையும் கிடைத்தது. 1983ல் அது இலண்டன் தெருக்களுக்கு வந்தது. இன்று மஞ்சள் வண்ணம் பூசிய அந்த இரும்பை அறியாத பெருநகரம் இல்லை. வயலின் வாசித்த விரல்களிலிருந்து இப்படியொரு பொருள் பிறந்ததே என்று வியக்கலாம். நாங்கள் அதைக் கொருக்குப்பேட்டையில், முழங்கால் அளவுத் தண்ணீருக்கு அருகில், அதிகாலை இரண்டரை மணிக்கு எதிர்கொண்டபோது வியக்கும் மனநிலையில் இல்லை.

*

கொருக்குப்பேட்டையை அறியாதவர்களுக்குச் சில வரிகள். சென்ட்ரலிலிருந்து கும்மிடிப்பூண்டி செல்லும் மின்வண்டியில் பேசின் பிரிட்ஜை அடுத்துவரும் நிலையம். ஒருபுறம் இரயில் பாதைகளும் சரக்குக் கொட்டகையும்; இன்னொருபுறம் பக்கிங்காம் கால்வாய். துறைமுகத்துக்கும் மணலிக்கும் எண்ணூருக்கும் சரக்கு போகும் வழியில் அமைந்த ஊர். இரயில்வே கேட் மூடினால் காத்திருக்க வேண்டும் என்பதைப் பிள்ளைப் பருவத்திலேயே கற்றுக்கொண்ட மக்கள். தெருக்கள் மாட்டு வண்டிக்கும் கைவண்டிக்கும் அளந்து போடப்பட்டவை. அவற்றில் இன்று ஷேர் ஆட்டோவும் குட்டியானையும் நிற்கின்றன. வீட்டுக்கு இரண்டு இருசக்கர வாகனங்கள் உண்டு. அவற்றை நிறுத்த இடம் வீட்டிலும் இல்லை, தெருவிலும் இல்லை.

எங்கள் தெருவின் கோடியில் ஒரு காலிமனை இருக்கிறது. ஒரு காலத்தில் எண்ணெய்ப் பீப்பாய்கள் அடுக்கிவைக்கும் கிடங்காக இருந்ததாம். கூரை போய், கதவு போய், சுற்றுச்சுவரில் ஒரு பக்கமும் போய்ப் பல ஆண்டுகள் ஆகின்றன. தெருவைவிட அது இரண்டடி உயரம். இந்த இரண்டடிதான் கதைக்கு முக்கியம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது தெருவில் நின்ற வண்டிகள் யாவும் நீரில் மூழ்க, அந்த மனைமேல் ஏற்றப்பட்டவை மட்டும் தப்பின. அன்றிலிருந்து வானிலை அறிக்கையில் எச்சரிக்கை வந்தால் எங்கள் தெருவின் வண்டிகள் தாமாகவே அங்கே போய்விடும். பாரி முல்லைக்குத் தேரை விட்டுவந்த இடம் அவனுடைய பறம்பு நாடு. அதனால் எவரும் கேள்வி கேட்கவில்லை. எங்களுக்குப் பறம்பு இல்லை. பிறருடைய மனைதான் இருந்தது.

2024 அக்டோபர் 14ஆம் தேதி இரவு எங்கள் தெருவின் ஆறு வண்டிகள் அங்கே ஏறின. 15ஆம் தேதி செவ்வாய்க்கிழமை வடசென்னை எவ்வாறு மழையில் நனைந்தது என்பதை இங்கே எழுத வேண்டியதில்லை. மறுநாளைக்குச் சிவப்பு எச்சரிக்கை அறிவித்திருந்தார்கள். மழை அஞ்சிய அளவுக்கு வரவில்லை, ஆயினும் தெருவில் நின்ற தண்ணீர் வடியவும் இல்லை. புதன் இரவு தாண்டி வியாழன் விடியுமுன் யாரோ கதவைத் தட்டினார்கள். இரண்டு வீடு தள்ளி வசிக்கும் இளைஞர். சொந்தமாகக் குட்டியானை ஓட்டுபவர். நாள்தோறும் பின்னிரவில் கோயம்பேட்டுக்குப் போய்க் காய்கறி மூட்டைகளை ஏற்றி, விடிவதற்குள் வண்ணாரப்பேட்டைக் கடைகளுக்குச் சேர்ப்பது அவர் தொழில்.

"சார், எழுந்துக்கோங்க சார். வண்டி சக்கரத்துல பூட்டு போட்டுக்கினு போயிட்டானுங்க."

போய்ப் பார்த்தோம். ஆறு வண்டிகளுக்கும் பூட்டு. புதிதாக ஒரு காவலாளி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அறுபதைத் தாண்டியவர், ஆரணியாற்றங்கரைப் பக்கம் ஒரு கிராமம் என்று பின்னர் சொன்னார். உட்சுவரில், இருட்டில், ஆங்கிலத்தில், ஒரு பலகை தொங்கியது: தனியார் இடம், வண்டி நிறுத்தினால் பூட்டப்படும், விடுவிக்க 1,500 ரூபாய். அதற்கு முந்தைய நாள் அந்தப் பலகை அங்கே இல்லை.

"பெரியவரே, சாவியைக் கொடுங்கள், பொழுது விடிந்ததும் பேசிக்கொள்ளலாம்" என்றோம்.

"நான் இன்னா சார் பண்றது? மாட்டச் சொன்னாங்க, மாட்னேன். சாவி என்னாண்ட இல்ல. சூப்பர்வைசர் காலைல ஏழு மணிக்கித்தான் வருவாரு."

கூட்டம் சேர்ந்துவிட்டது. வெல்டிங் பட்டறையில் வேலை செய்யும் பையன், "கிரைண்டர் எடுத்தாரட்டா சார்? ரெண்டு நிமிசம்" என்றான். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் தெருவில் எல்லோருக்கும் மூத்தவர். அவர் கையமர்த்தினார். "வாணாம்டா கண்ணு. உடைச்சா பூட்னவன் மேல கேஸ் வராது, உடைச்சவன் மேலதான் வரும்." நாற்பது ஆண்டுகள் துறைமுகத்தில் வேலை பார்த்தவருடைய சட்ட அறிவு அது. பின்னர் நூல்களைப் புரட்டியபோது அவர் சொன்னதில் பிழை அதிகம் இல்லை என்று தெரிந்தது.

குட்டியானைக்காரர் யாருக்கும் காத்திருக்கவில்லை. காத்திருக்க அவருக்கு வழியில்லை. அன்றைய நடை தவறினால் கடைக்காரர் வேறு வண்டியை அழைப்பார். வேறு வண்டி ஒரு நாள் வந்தால் மறுநாளும் வரும். சூப்பர்வைசருக்குத் தொலைபேசியில் கெஞ்சி, நான்கு மணிக்கு அவரை வரவழைத்து, தண்டல்காரருக்குக் கட்ட எடுத்துவைத்திருந்த பணத்திலிருந்து 1,500 ரூபாயைக் கொடுத்துவிட்டுப் போனார். ரசீது கேட்டார், கொடுக்கப்படவில்லை.

மீதமுள்ள நாங்கள் விடியும்வரை இருந்தோம். பிறகு காவல் நிலையத்துக்குப் போனோம். "இது சிவில் மேட்டர் சார்" என்றார்கள். இந்த நாட்டில் காவல் நிலைய வாசற்படியில் காலை வைத்த எவரும் ஒரு முறையாவது கேட்டிருக்கக்கூடிய வாக்கியம். என்றாலும் உதவி ஆய்வாளர் ஒருவர் யாரிடமோ தொலைபேசியில் இரண்டு நிமிடம் பேசினார். பத்து மணிக்கு ஐந்து வண்டிகளின் பூட்டுகளும் பணம் பெறாமலே கழற்றப்பட்டன.

*

அன்று மாலையிலிருந்து எங்களை ஒரு கேள்வி விடவில்லை. ஒருவருடைய நிலத்தில் இன்னொருவர் வண்டியை நிறுத்திவிட்டார், சரி. அதற்காக நிலத்துக்குரியவர் அந்த வண்டியைச் சிறைவைத்துப் பணம் பெறலாமா? தமிழ் கற்பித்துப் பிழைக்கும் எங்களைப் போன்றோர்க்குச் சட்ட நூல் அயல் மொழி அன்று. உரையாசிரியர்களோடு பழகியவர்களுக்குப் பிரிவும் உட்பிரிவும் விளக்கமும் எடுத்துக்காட்டும் பழகிய தடம்தான். தேடிப் படித்தோம்.

சக்கரப் பூட்டைப் பெயர் சொல்லிக் குறிப்பிடும் இந்தியச் சட்டம் 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம். அதன் 127ஆம் பிரிவு சொல்வது இது: பொது இடத்தில் பத்து மணி நேரமோ அதற்கு மேலோ கவனிப்பாரின்றி விடப்பட்ட வண்டியையும், நிறுத்தக்கூடாத இடத்தில் நிறுத்தப்பட்ட வண்டியையும் இழுத்துச் செல்லவோ சக்கரப் பூட்டுப் போட்டு அசையாமல் செய்யவோ, அந்த எல்லைக்குட்பட்ட, சீருடையிலுள்ள காவல் அதிகாரி அனுமதிக்கலாம். ஒவ்வொரு சொல்லும் எண்ணி வைக்கப்பட்டிருக்கிறது. பொது இடம், காவல் அதிகாரி, அவரும் சீருடையில் இருக்க வேண்டும். பொது இடம் என்பதற்கு அதே சட்டம் பொதுமக்களுக்குச் சென்றுவரும் உரிமையுள்ள இடம் என்று விளக்கம் தருகிறது. விபத்து இழப்பீட்டு வழக்குகளில் நீதிமன்றங்கள் இச்சொல்லை இன்னும் விரித்துப் பொருள் கொண்டதுண்டு.

இனி எங்கள் காலிமனைக்கு வருவோம். அது பொது இடம் என்றால், பூட்டுப் போட அனுமதிக்கும் அதிகாரம் சீருடையிலுள்ள காவலருக்கு. நாற்காலியில் உட்கார்ந்திருந்த பெரியவருக்கு அன்று. அது பொது இடமன்று என்றால் அந்தப் பிரிவே அங்கே செல்லாது. எந்தப் பக்கம் போனாலும் மனைக்காரர் கையில் அந்தச் சட்டம் சாவியைத் தரவில்லை.

வேறு சட்டம் தருகிறதா? பிறர் பொருளைத் தடுத்துவைத்துக் கடனைக் கேட்கும் உரிமை நம் சட்டத்தில் இல்லாமல் இல்லை. 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டத்தில் இருக்கிறது. கைக்கடிகாரத்தைப் பழுது பார்த்தவர் கூலி வரும்வரை அதைக் கையில் வைத்திருக்கலாம். மெக்கானிக் வண்டியை வைத்திருக்கலாம். வங்கியாளருக்கும், வழக்கறிஞருக்கும், துறைமுகக் கரையில் சரக்கைப் பொறுப்பேற்று வைக்கும் பண்டகசாலைக்காரருக்கும், வேறு சிலருக்கும் இதைவிட அகன்ற உரிமையும் உண்டு. இதைச் சொன்னபோது துறைமுகப் பெரியவர் தலையசைத்தார். வாடகை கட்டாத சரக்கு கிடங்கிலேயே கிடந்ததை அவர் நிறையப் பார்த்திருக்கிறார். இவர்கள் அனைவருக்கும் பொதுவாக ஒன்று உண்டு. பொருளை உடையவரே நம்பி அவர்கள் கையில் ஒப்படைத்திருக்கிறார். மனைக்காரரிடம் எங்கள் வண்டியை யாரும் ஒப்படைக்கவில்லை. பட்டியலில் அவருக்கு இடமில்லை.

கடன் உண்மையாகவே இருந்தாலும் அதை வாங்கப் பொருளைக் கைப்பற்றுவது என்ன குற்றம் என்பது 19ஆம் நூற்றாண்டிலேயே எழுந்த கேள்வி. 1895ல் கல்கத்தா உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு இதை ஆராய்ந்து, கடன்காரனைப் பணம் கொடுக்க வைப்பதற்காக அவன் இசைவின்றி அவனுடைய பொருளை எடுத்துச் செல்வதும் திருட்டே என்று தீர்மானித்தது. ஆனால் நம் சட்டத்தில் திருட்டுக்குப் பொருள் நகர்த்தப்பட வேண்டும். சக்கரப் பூட்டின் சாமர்த்தியமே எதையும் நகர்த்தாததுதான். ஆகவே திருட்டு என்பதைவிட, தீங்கு நேருமென்ற அச்சத்தில் ஆழ்த்திப் பணம் பறித்தல் என்னும் குற்றமே அருகில் வருகிறது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 308ஆம் பிரிவு. நேர்மையற்ற எண்ணம் இருந்ததா என்பதை ஒவ்வொரு வழக்கிலும் தனியே மெய்ப்பிக்க வேண்டியிருக்கும். பலகை வைத்து, நியாயமான தொகை கேட்டு, ரசீது கொடுத்த ஒருவர் தம் உரிமை என்று நம்பியே செய்ததாகச் சொல்லக்கூடும். இருட்டில் பலகை மாட்டி, ரசீது தராமல் வாங்கியவருக்கு அந்த வாதம் அவ்வளவு எளிதாக இராது.

*

எங்களை அதிகம் சிந்திக்க வைத்தது இவற்றுக்கெல்லாம் மூத்த இன்னொரு சட்டம். 1871ஆம் ஆண்டின் கால்நடை அத்துமீறல் சட்டம். சக்கரம் இருந்த இடத்தில் குளம்பை வைத்துப் பாருங்கள். வழக்கு அதே வழக்கு. பிறர் நிலத்தில் மாடு மேய்ந்துவிட்டது. நிலத்துக்காரர் என்ன செய்யலாம்? பயிரை அழிக்கும் மாட்டைப் பிடிக்கலாம். பிடித்த மாட்டை 24 மணி நேரத்துக்குள் ஊருக்கென அமைந்த பட்டிக்கு அனுப்பிவிட வேண்டும். நம் கிராமங்களில் இதைப் பவுண்டு என்பார்கள். பவுண்டுக்காரர் அபராதம் வாங்கிக்கொண்டு மாட்டை விடுவார். அப்படி அனுப்பிய மாட்டை வழியில் பலவந்தமாக மீட்டால் மாட்டுக்காரருக்குத் தண்டனை உண்டு. முறைகேடாகப் பிடித்திருந்தால் பத்து நாளுக்குள் மாஜிஸ்திரேட்டிடம் முறையிடலாம்; நிலத்துக்காரர் 100 ரூபாய் வரை இழப்பீடு தர நேரும். 1871ல் 100 ரூபாய் என்பது சிறிய தொகையன்று.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்றே. பயிர் அழிந்ததைக் கண்ணால் கண்டு கொதிக்கும் உழவனுக்கும் மாட்டைத் தன் கொட்டிலில் கட்டிவைத்து விலை பேச அச்சட்டம் இடம் கொடுக்கவில்லை. பிடிக்கும் கை வேறு, தண்டம் வாங்கும் கை வேறு என்று பிரித்துவைத்தது. தண்டத்தின் அளவைத் தீர்மானிக்கும் உரிமை பாதிக்கப்பட்டவனுக்கு இல்லை. இன்றும் சென்னையில் தெருவில் திரியும் மாட்டை மாநகராட்சி பிடித்துப் பெரம்பூருக்கோ புதுப்பேட்டைக்கோ கொண்டுபோய் அடைக்கிறது. உரிமையாளர் மாநகராட்சிக்கு அபராதம் கட்டி மீட்டுவருகிறார். மாட்டுக்குக் கிடைத்துள்ள இந்த முறைமை எங்கள் தெருக் குட்டியானைக்கு இன்னும் கிடைக்கவில்லை.

*

இங்கிலாந்தில் இந்த வழக்கு முழுச் சுற்று சுற்றி வந்துவிட்டது. அதன் படிகள் அறியத் தக்கவை. முதலில் ஸ்காட்லாந்து: 1992ல் அங்குள்ள உயர் குற்றவியல் நீதிமன்றம், தனியார் நிலத்தில் பூட்டுப் போட்டுப் பணம் கேட்பது பறிப்பு, திருட்டும் கூட என்று ஒரே அடியாக முடித்துவிட்டது. எல்லைக்குத் தெற்கே வேறு பாதை. 1995ல் ட்ரூரோ என்னும் ஊரின் வண்டி நிறுத்தம் தொடர்பான வழக்கில், பலகையைப் பார்த்துவிட்டு நிறுத்துகிறவர் பூட்டுக்கும் இசைந்தவரே ஆவார் என்று தாமஸ் பிங்காம் தலைமையிலான மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறியது. ஆனால் அதற்கு எல்லைகளும் வகுத்தது: தொகை நியாயமாக இருக்க வேண்டும், பணம் தர முன்வந்ததும் தாமதமின்றி விடுவிக்க வேண்டும், விடுவிக்கும் ஆளைத் தொடர்புகொள்ள வழி இருக்க வேண்டும். 'சாவி என்னாண்ட இல்ல' என்ற குரல் அப்போது எங்கள் காதில் மீண்டும் ஒலித்தது.

2000த்தில் இன்னொரு வழக்கு. மருத்துவமனையிலிருந்து திரும்பிய பெண்ணொருவர் வழியில் குமட்டல் தாங்காமல் காரை ஓரமாக நிறுத்தி இறங்கினார். சில நிமிடங்களில் திரும்பி வந்தபோது சக்கரத்தில் பூட்டு. பலகையைப் பக்கத்தில் நின்ற வேறொரு வாகனம் மறைத்திருந்தது. காணாத பலகைக்கு இசைவு ஏது என்று நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. பிறகு பூட்டுப் போடுகிறவர்களுக்கு உரிமம் என்றார்கள். அதுவும் போதவில்லை. இறுதியில் 2012ஆம் ஆண்டின் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் வழி, அவ்வாண்டு அக்டோபர் 1 முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சட்ட அதிகாரமின்றிப் பிறர் வண்டியைப் பூட்டுவது குற்றமாகிவிட்டது.

ஆனால் அந்தச் சட்டம் நிலத்துக்காரரை வெறுங்கையோடு அனுப்பிவிடவில்லை. பூட்டைப் பறித்துக்கொண்ட அதே சட்டம், வண்டி நிறுத்தியதற்கான கட்டணச் சீட்டை வண்டியின் பதிவுபெற்ற பொறுப்பாளரிடமே வசூலிக்க வழி செய்தது. 2015ல் செம்ஸ்ஃபோர்டு நகரக் கடைத்தொகுதி ஒன்றில் இரண்டு மணி நேர இலவச நிறுத்தத்தைக் கடந்து 56 நிமிடம் கூடுதலாக நின்ற காருக்கு 85 பவுண்டு கட்டணம் செல்லும் என்று பிரிட்டனின் உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்தது. (அந்தப் பவுண்டும் நம் ஊர் மாட்டுப் பவுண்டும் வேர் வேறான சொற்கள், எங்கள் தெருக்காரர்கள் நம்பத் தயாராக இல்லை.) ஆக, பணம் கேட்கும் உரிமை நிலைத்தது; பிணை பிடிக்கும் உரிமை மட்டும் போயிற்று. கேட்கப்பட்டவர் வண்டியை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போகலாம்; போய்விட்டு வந்து வழக்காடலாம்.

*

நம் வழக்கில் மழையும் ஒரு கட்சிக்காரர். அதற்குரிய நீதி எங்கே என்று தேடியபோது கிடைத்தவை இரண்டும் படகு வழக்குகளாக அமைந்தது வடசென்னைக்காரர்களுக்குப் பொருத்தம்தான். அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் ஓர் ஏரியில் மனைவி மக்களோடு பாய்மரப் படகில் போன ஒருவர், புயல் எழவே பக்கத்துத் தீவின் தனியார் படகுத்துறையில் கயிற்றைக் கட்டினார். துறைக்காரரின் பணியாள் கயிற்றை அவிழ்த்துவிட்டான். படகு கரையில் மோதிச் சிதைந்தது, குடும்பத்தினர் காயமுற்றனர். புயலுக்கு ஒதுங்கியவரை விரட்ட உனக்கு உரிமையில்லை, இழப்பைக் கொடு என்றது 1908ஆம் ஆண்டுத் தீர்ப்பு. இரண்டே ஆண்டுகளில் மின்னசோட்டா மாநிலத்தில் மறுபக்கத்து வழக்கு. 1905 நவம்பரில் புயலின்போது டுலூத் துறைமுகத்தில் ஒரு கப்பல் விலகாமல், கயிறுகளை மாற்றி மாற்றிக் கட்டிப் பிடித்துக்கொண்டே நின்றது. கப்பல் தப்பியது, மோதி மோதித் துறை மேடை சிதைந்தது. நின்றது தவறன்று, ஆனால் சிதைத்ததற்கு 500 டாலர் கொடு என்றது நீதிமன்றம்.

இவ்விரு தீர்ப்புகளையும் அடுத்தடுத்து வைத்தால் ஓர் அறம் தெளிகிறது. ஆபத்துக்கு ஒதுங்கலாம்; ஒதுங்கியதால் கெடுதல் நேர்ந்தால் ஈடு செய்ய வேண்டும்; ஒதுங்கியவரை இடத்துக்குரியவர் வதைக்கக் கூடாது. இவை நம் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்துவன அல்ல. எனினும் பெரிய தீங்கைத் தவிர்க்கக் குற்ற எண்ணமின்றிச் செய்த சிறு தீங்கு குற்றமாகாது என்னும் கருத்து நம் தண்டனைச் சட்டத்தில் நெடுங்காலமாக உண்டு; புதிய சட்டத்திலும் 19ஆம் பிரிவாகத் தொடர்கிறது. அதே 2024 அக்டோபரில் வேளச்சேரி மேம்பாலத்தில் கார்கள் வரிசையாக ஏறி நின்றதை வாசகர்கள் செய்தியில் பார்த்திருப்பீர்கள். அபராதம் போடுகிறார்கள் என்று முதலில் பேச்சு எழுந்தது. அப்படி எதுவும் விதிக்கவில்லை என்று காவல்துறை தெளிவுபடுத்தியது. பொதுச் சாலையை அடைத்து நின்ற கார்களுக்குக் காட்டப்பட்ட அந்தப் பரிவு நியாயமானது. பாழ்மனையில் ஓரமாக நின்ற ஆறு வண்டிகளுக்கும் அது உரியதுதானே?

*

நவம்பரில் மனைக்காரரைச் சந்தித்தோம். துறைமுகப் பெரியவர்தான் ஏற்பாடு செய்தார். நாங்கள் எதிர்பார்த்த உருவத்தில் அவர் இல்லை. மூன்று சகோதரர்களுக்குள் பாகம் பிரிந்து தம் பங்குக்கு அந்த மனை வந்தவர். பேச்சில் கோபத்தைவிடக் களைப்பே அதிகம். தம் மனையில் யார் யாரோ கட்டட இடிபாடுகளைக் கொட்டிவிட்டுப் போவதையும், ஒரு லாரி மூன்று மாதம் ஒரே இடத்தில் நின்று டயர் மண்ணில் புதைந்ததையும் சொன்னார்.

"போலீஸ்ல எழுதிக் கொடுத்தேன் சார். சிவில் மேட்டர்னு சொல்லிட்டாங்க."

எங்களில் யாரும் சிரிக்கவில்லை. எங்களுக்குச் சொல்லப்பட்ட அதே வாக்கியம். வண்டிக்காரன் போனாலும் அதுதான் பதில். நிலத்துக்காரன் போனாலும் அதுதான் பதில். உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போகச் சொல்வதில் சட்டப் பிழை ஏதுமில்லை. ஒரு லாரியை அப்புறப்படுத்த ஒருவர் எத்தனை வாய்தா நடப்பார் என்பதுதான் கேள்வி. அந்த இடைவெளியில்தான் மஞ்சள் இரும்பு நுழைகிறது. அவருக்குப் பூட்டுகளை வாடகைக்குத் தந்து, ஆளும் அனுப்பி, வரும்படியில் பங்கு பேசியவர்கள் அந்த இடைவெளியை நன்கு அறிந்தவர்கள்.

அவரால் செய்யக்கூடியவை எவை என்று படித்ததைச் சொன்னோம். விழுந்த சுவரை எழுப்பலாம், கதவு வைக்கலாம், தமிழில், தெருவைப் பார்த்து, பகலிலும் இரவிலும் தெரியும்படி பலகை வைக்கலாம், அத்துமீறலுக்கு இழப்பீடும் தடையுத்தரவும் கேட்டு வழக்குத் தொடுக்கலாம், விரும்பினால் கட்டணம் பேசி, ரசீது கொடுத்து, முறையான வண்டி நிறுத்தமாகவே நடத்தலாம். பூட்டு மட்டும் வேண்டாம். அவர் கேட்டுக்கொண்டார். சுவர் எழுந்துவிட்டது. கதவும் வந்துவிட்டது. புயல் எச்சரிக்கை உள்ள நாட்களில் கதவைத் திறந்துவிடுவதாகவும், அதற்கு ஈடாக மனையில் குப்பை விழாமல் நாங்கள் பார்த்துக்கொள்வதாகவும் வாய்ச்சொல்லாக ஓர் ஏற்பாடு. எழுதிக்கொள்ளலாமே என்று நாங்கள் சொன்னதற்கு, எழுதினால் சகோதரர்கள் கேள்வி கேட்பார்கள் என்றார்.

இது ஒரு தெருவின் ஏற்பாடு. நகரத்துக்கு வேண்டியது இதைவிடப் பெரிது, கடினமானதும் அன்று. தனியார் நிலத்தில் பூட்டுப் போடக் கூடாது என்று வெளிப்படையாக ஒரு விதி. அதனோடு சேர்த்தே, நிலத்துக்காரர் முறையிட்டால் குறித்த நேரத்துக்குள் வண்டியை அப்புறப்படுத்த மாநகராட்சிக்கோ காவல்துறைக்கோ ஒரு கடமை. 1871ல் மாட்டுக்குச் செய்ததைச் சக்கரத்துக்கும் செய்தால் போதும். ஒன்றை மட்டும் செய்து மற்றொன்றை விட்டால், பூட்டு வேறு வடிவில் வரும். காற்றிறக்கிய டயராக வரும், குறுக்கே போட்ட கல்லாக வரும்.

ஒன்று மட்டும் எங்களுக்கு இன்னும் செரிக்கவில்லை. அந்த அதிகாலையில் பூட்டப்பட்டவை ஆறு வண்டிகள். ஐந்து வண்டிக்காரர்களுக்குப் பத்து மணிவரை காத்திருக்க முடிந்தது. மாதச் சம்பளம், ஓய்வூதியம், விடுப்பு, தெரிந்தவர், பேசத் தெரிந்த வாய் என்று ஏதோ ஒன்று இருந்தது. அவர்கள் ஒரு காசும் கொடுக்கவில்லை. காத்திருக்க முடியாத ஒருவர் மட்டும் முழுத் தொகையையும் கொடுத்தார். பூட்டுக்காரர்கள் வண்டியின் விலையைப் பார்த்துத் தொகை நிர்ணயிப்பதில்லை. யாரால் விடியும்வரை பொறுக்க முடியாதோ அவரை நம்பியே அந்தத் தொழில் நடக்கிறது.

மனைக்காரரிடம் அந்த 1,500 ரூபாயைப் பற்றியும் கேட்டோம். தம்மிடம் அப்படியொரு கணக்கு வரவேயில்லை என்றார். அவர் பொய் சொன்னதாகத் தோன்றவில்லை. சூப்பர்வைசரின் எண் இப்போது பயன்பாட்டில் இல்லை. குட்டியானைக்காரரிடம் இதைச் சொன்னபோது அவர் வண்டியின் பின்கதவைக் கயிறு போட்டு இறுக்கிக்கொண்டிருந்தார்.

"பணம் போனா போவுது சார். ஒரு பில்லு குடுத்திருந்தா அன்னைக்கே தண்டல்காரர்கிட்ட காட்டியிருப்பேன். அவரு நம்பவேயில்ல. வட்டி போட்டுட்டாரு."